நெட்டையப்பாவின் வண்டி

காலையில் கிடேரியை ஓட்டிக்கொண்டு போன கனிஷாய், மதியம் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். தாஷ்புலாக் கிராமத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மீதிப் பாதி வராமல் இருந்ததற்குக் காரணம், சத்தத்தைக் கேட்டு ஏதோ மலைச்சரிவு என்று பயந்ததுதான்.

வண்டி சோவியத் காலத்தது. பக்கத்தில் சைடுகார். பாதி பச்சை, பாதி துரு. அவள் புருஷன் எர்மேக் அதைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்தான்.

"அடியே, இன்னும் ரெண்டு மாசத்துல கன்னு போடற கிடேரியக் குடுத்துட்டு இதையா வாங்கிட்டு வந்தே? இது பால் கறக்குமா?"

"கறக்கும். நீதான் அதுல டீ போட்டுக் குடிக்கப் போற, பாத்துக்கிட்டே இரு."

எர்மேக் நல்லவன்தான். பெண்டாட்டி ஏதாவது வாங்கி வந்தால் முதலில் குறை சொல்லிவிட்டு, அப்புறம் அவளுக்குத் தெரியாமல் அதைத் துடைத்து வைப்பான். அன்று சாயங்காலமே வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான்.

கனிஷாய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். உறைவிந்துக் குடுவையைக் குதிரையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். ஆனால் குதிரை அதன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். இரண்டு தடவை ஆற்றைக் கடக்கும்போது மிரண்டு, குடுவையைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தது. இந்த நிலைமையில்தான் கால்நடைக் கூட்டுறவில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேல்பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே ஆளைப் போடப் போகிறோம். மாதக் கடைசிக்குள் உன் பெயரில் ஒரு வண்டி இருந்தால் அந்த வேலை உனக்கு, இல்லாவிட்டால் குபாத்துக்கு.

குபாத்திடம் கார் இருந்தது. கை மட்டும் சரியில்லை. அவன் போடும் ஊசியில் பாதி பிடிக்காது, பிடிக்காததற்கு மாட்டைத்தான் குறை சொல்வான். அவன் கைக்கு அந்தப் பள்ளத்தாக்கு மாடுகள் போவதை நினைத்தாலே கனிஷாய்க்கு வயிறு எரிந்தது. பொறாமையும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடமாக மழையிலும் பனியிலும் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியவள் அவள்தான்.

வண்டியை விற்றது சுயும்கான். அறுபது தாண்டிய விதவை. உறவு முறையில் கனிஷாய்க்குப் பெரிய அத்தை மாதிரி; மூத்த பெண்களை இங்கே கூப்பிடுகிறபடி 'அபா' என்றுதான் கூப்பிடுவாள். எர்மேக்கின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் அல்லவா, அவருடைய மருமகள். போன குளிர்காலம் வரை அந்த வண்டியை அவளே ஓட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு அதை உதைத்துக் கிளப்ப முடியவில்லை. கிடேரியைக் கண்டதும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் தலைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ரொட்டியும் தயிர் உருண்டையும் சேர்த்துக் கொடுத்து வழியனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் கனிஷாய் பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் உசுனத்தாயெவ் என்று இருந்தது. அப்படி ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்ததே கிடையாது. உடனே திரும்பிப் போனாள்.

"அபா, யாரு இந்த உசுனத்தாயெவ்?"

சுயும்கான் அடுப்பில் இல்லாத பாலைக் கிளறினாள்.

"அவருதான்."

"எவரு?"

"அவருதாண்டி. நெட்டையப்பா."

கனிஷாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்ல மாட்டாள். மாமனாரின் அண்ணன் தம்பி, அப்பா, பெரியப்பா எல்லோருக்கும் அப்படித்தான். அதே பெயரில் ஒரு ஆறு ஓடினால் ஆற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிடுவாள். சுயும்கானின் மாமனார் ஆள் ரொம்ப உயரம். அதனால் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு உசூன் அத்தா, அதாவது நெட்டையப்பா என்று வைத்தாள். பின்னால் வந்த மருமகள்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள், கனிஷாய் உட்பட. கனிஷாய் சொல்லாத பெயரை நான் மட்டும் முந்திக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்காது. நானும் நெட்டையப்பா என்றே சொல்கிறேன்.

நடந்தது இதுதான். கூட்டுப்பண்ணையில் சிறந்த மேய்ப்பர் என்று நெட்டையப்பாவுக்கு இந்த வண்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். பதிவு செய்கிறவர்கள் கிராம மன்றத்தில் மேஜை போட்டு உட்கார்ந்த அன்று அவரோ கோடை மேய்ச்சலில், மலைக்கு மேல். வீட்டில் மாமியாரும் புது மருமகளும் மட்டும். போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வா என்று மாமியார் அனுப்பிவிட்டாள். மேஜைக்காரன் வெளியூர் ரஷ்யன். உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டான். சுயும்கான் முகத்தைத் துணியில் மறைத்துக்கொண்டு 'உசூன் அத்தா' என்றாள். வரிசை நீளமாக இருந்தது, வெயிலும் அடித்தது. அவன் ரஷ்யக் குடும்பப் பெயர் மாதிரி வால்பக்கம் ஒரு 'யெவ்' சேர்த்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான்.

"அவரு பாத்துட்டுத் திட்டலையா?"

"திட்டறதாவது! வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. 'எங்கப்பன் வெச்ச பேரவிட என் மருமக வெச்ச பேரு பொருத்தமா இருக்கு, இருக்கட்டும் போ'ன்னுட்டாரு. அப்புறம் என்னையத் தூக்கி வண்டி மேல உக்கார வெச்சு, 'நீதானே பதிவு பண்ணே, நீயே ஓட்டு'ன்னாரு. எங்க மாமியாளுக்கு மயக்கமே வந்துடுச்சு."

அதற்குப் பிறகு நாற்பது வருடம் அந்தப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. இங்கே போலீஸ்காரரும் யாரோ ஒருவரின் மருமகன்தானே.

*

பதிவு அலுவலகம் நகரத்தில் இருந்தது. கனிஷாய் அங்கே போய் ஜன்னல் ஜன்னலாக நின்று, கடைசியில் மேரிம் என்ற அதிகாரியின் அறைக்கு வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி வைத்திருந்தாள்.

"உரிமையாளர் வந்திருக்காரா?"

"காலமாயிட்டாருங்க." கனிஷாய், சுயும்கானிடம் வாங்கி வந்த நெட்டையப்பாவின் மரணச் சான்றிதழை நீட்டினாள்.

மேரிம் சான்றிதழைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். "இது வேற ஆளு."

"ஒரே ஆளுதாங்க."

"சான்றிதழ்ல இருக்கறவர் செத்துட்டாரு. உசுனத்தாயெவ் இன்னும் சாகல."

"அவரு பொறக்கவே இல்லீங்களே. பொறக்காதவரு எப்படிச் சாவாரு?"

மேரிம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். கனிஷாய் நடந்ததையெல்லாம் சொன்னாள். மேரிமும் ஒரு வீட்டு மருமகள்தானே. பாதி சொல்வதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது, பதவி ஞாபகம் வந்ததும் உள்ளே போய்விட்டது.

"ஒரு வழி இருக்கு. தப்பான பேரைக் குடுத்தது யாரோ, அவங்களே நேர்ல வரணும். இந்தக் கேமரா முன்னாடி உக்காந்து சரியான பேரைச் சொல்லணும். வாய் தெறந்து."

"எழுதிக் குடுத்தா?"

"செல்லாது. கள்ளக் கையெழுத்து ரொம்ப வருது."

"என் வீட்டுக்காரரு வந்து சொன்னா? அவருக்கு அது தாத்தா முறை, தாராளமாச் சொல்லுவாரு."

"வண்டி பதிவு பண்ணப்ப உங்க வீட்டுக்காரரு பொறந்திருந்தாரா?"

அவன் பிறந்திருக்கவில்லை. கனிஷாய் எழுந்து வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் சுயும்கான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேமராவுலயா? அது அங்கேயே தங்கிடுமேடி! பேரைத் தவிர வேற என்ன வேணா கேளு. வேணும்னா கிடேரியத் திரும்ப ஓட்டிட்டுப் போ. இப்பத்தான் என்கிட்ட பழகிருக்கு, பாவம்."

"கிடேரிய வெச்சுக்கிட்டு நான் ஊசி போடப் போக முடியுமா அபா? இந்த மாசம் முடிஞ்சா பள்ளத்தாக்கு குபாத்துக்குப் போயிடும்."

குபாத் பெயரைக் கேட்டதும் சுயும்கானின் முகம் கோணியது. அவளுடைய சிவலைப் பசுவை மூன்று தடவை வெறும் ஊசி குத்தி, கடைசியில் அதை இறைச்சிக்கு அனுப்ப வைத்தவன் அவன்தான்.

"வரேன்," என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன். வந்து உக்காருவேன், அவ்வளவுதான்."

*

மாதத்தின் கடைசி வேலை நாளில்தான் இருவரும் கிளம்ப முடிந்தது. சுயும்கான் சைடுகாரில் ஏறி, விருந்துக்குப் போகிறவள் போலப் பளிச்சென்று வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வழி முழுக்கக் கனிஷாய் ஓட்டுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள். கியரை ஏன் அப்படி மிதிக்கிறாய், அது என்ன குபாத்தா, என்றாள்.

மேரிம் இருவரையும் உட்கார வைத்துக் கேமராவைத் தட்டிவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்க பேரு?"

"சுயும்கான்."

"இந்த வண்டி யாருக்குப் பரிசாக் கிடைச்சுது?"

"எங்க மாமனாருக்கு."

"அவர் பேரு?"

சுயும்கான் கூரையைப் பார்த்தாள். "நல்ல உசரம். வாசல்ல குனிஞ்சுதான் நுழைவாரு. மூக்கு இந்தப் பக்கம் லேசாக் கோணியிருக்கும், சின்ன வயசுல குதிரை உதைச்சுது..."

"அபா, கேமராவுக்கு மூக்கு வேண்டாம். பேரு வேணும்."

"குடிச்சா பாட்டுப் பாடுவாரு. ஆனா குடிக்க மாட்டாரு."

"அபா!"

சுயும்கான் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. சந்தையில் பேரம் படிந்தவளின் முகம்.

"ஏம்மா, இப்படிச் செஞ்சா என்ன? அந்தச் சான்றிதழ்ல பேரு இருக்குல்ல. நீயே அதைப் படி. நான் 'ஆமா, இவருதான்'னு சொல்றேன். சட்டம் ஒத்துக்குமா?"

"அதிகாரி படிச்சுக் காட்டி நீங்க ஆமான்னு சொன்னா..." மேரிம் இழுத்தாள். "ஒத்துக்கும்."

"அப்புறமென்ன, படி!"

கனிஷாய்க்கு உயிர் வந்தது. மேரிம் சான்றிதழைக் கையில் எடுத்தாள். தொண்டையைச் செருமினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தாள். காது மடல் வரை சிவந்துவிட்டது. கடைசியில் எழுந்து கேமராவை அணைத்தாள், கதவைச் சாத்தினாள், திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னாலயும் முடியாது அபா," என்றாள் மெதுவாக. "எங்க மாமனாருக்கும் இதே பேருதான்."

சுயும்கான்தான் முதலில் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்து கனிஷாய். மேரிம் மட்டும் அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று பெண்களுக்கும் அந்தப் பெயர் தெரியும், மூவரில் ஒருத்திக்கும் அது வாயில் வராது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள்.

"வேற அதிகாரி இல்லையா?" என்று கேட்டாள் கனிஷாய்.

"லீவு. அடுத்த வாரம்தான் வருவாரு."

"வெளியில இருக்கற காவலாளியக் கூப்பிட்டா?"

"போன வருஷம் ஒரு தடவை கூப்பிட்டேன். அதிகாரி குரல் இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தப் பேரு இந்த ஜில்லா முழுக்க இருக்கு, நான் என்ன பண்ணுவேன்? எங்க மாமனாரு காதுக்குப் போச்சுன்னா... கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா சாப்பிடறப்ப என் முகத்தப் பாக்க மாட்டாரு. அது எனக்குத் தாங்காது."

அவள் பொய் சொல்லவில்லை என்பது கனிஷாய்க்குத் தெரிந்தது. யார் மேலும் கோபப்பட முடியாதபோது வரும் அலுப்பு அவளுக்கு வந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள்.

"விடுங்க அபா. வாங்க போகலாம். வண்டிய உங்க கொட்டகையிலயே விட்டுடறேன். பள்ளத்தாக்கு குபாத்துக்குப் போகட்டும். எனக்குக் குதிரை இருக்கு." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அவமானமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுயும்கான் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகையிலயா?" என்றாள். "துருப்பிடிக்கவா? அதைப் பாத்தா அவரு என்னையத்தான் திட்டுவாரு. அவரு உக்கார வெச்சதாலதான் நான் ஓட்டினேன். இந்த ஜில்லாவுல முதல்ல வண்டி ஓட்டின பொம்பளை நான். இப்ப நீ ஓட்டணும்னா என் நாக்கு குறுக்க நிக்குதா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலைத்துணியைச் சரி செய்தாள். கல்யாணமாகி வந்த அன்று வாசலில் மாமனாரை எப்படி வணங்கினாளோ அப்படி, கைகளை முழங்காலில் ஊன்றி, கேமராவைப் பார்த்து மூன்று தடவை குனிந்து வணங்கினாள். இடுப்பு வலி முகத்தில் தெரிந்தது.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "இந்தப் பொண்ணுக்காகத்தான்."

கேட்பதற்குத் தடை ஒன்றும் கிடையாது. இருந்தாலும் கனிஷாயும் மேரிமும் தலை குனிந்துகொண்டார்கள்.

"அசனாலி," என்றாள் சுயும்கான். "பைமுரத் மகன் அசனாலி."

கூரை இடிந்து விழவில்லை. வெளியே யாரோ டீக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுயும்கான் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

மேரிம் தயங்கித் தயங்கி நிமிர்ந்தாள். "அபா... மன்னிச்சுக்கணும். கேமராவ அணைச்சேன்ல. மறுபடி போட மறந்துட்டேன்."

கனிஷாய்க்கு மேரிமின் கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்கலாம் போல இருந்தது. ஆனால் சுயும்கான் கோபப்படவில்லை.

"அதுக்கென்ன, போடு," என்றாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, கூட்டத்தில் ஆளை அழைப்பதுபோலச் சொன்னாள். "எங்க மாமனாரு பேரு அசனாலி! உசுனத்தாயெவ்னு ஒருத்தரும் கிடையாது, அது நான் வெச்ச பேரு. வண்டி அசனாலியோடது. அசனாலியோட மருமக நான். நான் அதை இவளுக்குக் குடுத்துட்டேன். போதுமா, இன்னொரு தடவை சொல்லணுமா?"

"போதும் அபா, போதும்," என்றாள் மேரிம்.

மாலைக்குள் கனிஷாயின் பெயரில் புதுப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அவள் அதைப் படம் பிடித்துக் கூட்டுறவுக்கு அனுப்பினாள். சரி, பள்ளத்தாக்கு உனக்குத்தான், புதுக் குடுவையை வந்து எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. சந்தோஷத்தில் அவள் மேரிமைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மேரிமுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஊர் திரும்பும்போது சுயும்கான் வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்லவில்லை. கனிஷாய்க்கு அது கவலையாக இருந்தது. அவசரப்பட்டு இவளை வருத்திவிட்டோமோ என்று நினைத்தாள். கணவாயைத் தாண்டி, ஆற்றோரப் பாதையில் இறங்கியபோது, எஞ்சின் சத்தத்தையும் மீறி ஒரு கூவல் கேட்டது.

"அசனாலீ!"

கனிஷாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். சுயும்கான் சைடுகாரின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். தலைத்துணி காற்றில் அவிழ்ந்து பறந்தது.

"அசனாலீ! ஓய், அசனாலீ!"

செம்மறிகள் கலைந்து ஓடின. அவற்றை ஓட்டி வந்த குதிரைக்காரன் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, "அபா, யாரைத் தேடறீங்க? அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே!" என்று கத்தினான்.

"எனக்குத் தெரியும்டா, நீ உன் ஆட்டப் பாரு!"

கனிஷாய் சிரித்துவிட்டாள். "அபா, உக்காருங்க, விழுந்துடப் போறீங்க! இனிமே எதுக்குச் சொல்றீங்க? அதான் வேலை முடிஞ்சுதே!"

சுயும்கான் உட்கார்ந்தாள். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அவரு செத்தன்னிக்கு ஒப்பாரி வெச்சோம்ல," என்றாள் கனிஷாயின் காதுப்பக்கம் சாய்ந்து. "பெத்த பொண்ணுங்கல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாங்க. நான் மட்டும் 'உசந்தவரே, உசந்தவரே'ன்னு பேரச் சுத்திச் சுத்தியே அழுதேன். அப்படி அழுதா யாரைக் கூப்பிடறேன்னு அவரு நெனைச்சிருப்பாரு? அன்னிக்குக் கூப்பிடாதத இப்பக் கூப்பிடறேன். ஊரு வர்றதுக்குள்ள முடிக்கணும், அங்க மருமகளுங்க இருக்காளுங்க. நீ கொஞ்சம் மெதுவாப் போ."

கனிஷாய் கியரைக் குறைத்தாள்.